நாலு நிச்சயம், ஐந்து சந்தேகம்

தாதியர் அறையின் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று என் பாலை நானே பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். குழாய் திறந்திருந்தது. பால் தண்ணீரோடு சேர்ந்து ஒரு வெள்ளைச் சுழலாகி ஓட்டைக்குள் இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம், பிள்ளை பெற்றவர்களின் வார்ட்டில், ஒரு குழந்தை பசியில் அழுதுகொண்டிருந்தது.

அந்தக் காலையை நான் பலமுறை மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட்டேன். தொட்டியில் ஊற்றியது பிழையா, பிறகு ஊற்றாமல் விட்டது பிழையா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்து ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வைகாசி வெயில். வார்ட்டின் மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. என் மகள் மெரினுக்கு அப்போது ஏழு மாதம். பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். காலை ஏழு மணிக்கு டியூட்டி தொடங்கினால் ஒன்பதரைக்கு மார்பு கல்லாகிவிடும். சீருடைக்குள் மடித்து வைத்த துணி நனைந்து, வெளியே தெரிந்துவிடுமோ என்று நோயாளர் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடப்பேன்.

வார்ட்டில் இருந்த குளிர்சாதனப் பெட்டி மருந்துக்கு மட்டும். அதில் என் பாலை வைக்க நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு நாளும் தொட்டி. வீட்டில் மகள் மாமியின் மடியில் அரிசிக் கஞ்சி குடிப்பாள். அவளுக்குரியது இங்கே ஓட்டைக்குள் போகும்.

அழுத பிள்ளை

அழுதது ரிபாயாவின் மகன். பிறந்து இரண்டாவது நாள்.

ரிபாயாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கணவன் ரிஸ்வானின் குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம். சின்ன வயதில் இடம்பெயர்ந்து புத்தளம் போய், அங்கேயே வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு தகப்பனின் காணியைத் தேடித் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தவர்கள். திரும்பி வந்தது ரிஸ்வானும் அவருடைய மூத்த சகோதரி நஸீரா ராத்தாவும் மட்டும். மற்றச் சொந்தமெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது.

பிள்ளை பிறந்ததும் ரிபாயாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரிஸ்வான் அவளோடு போனார். பிள்ளை எங்களோடு நின்றது, நஸீரா ராத்தாவின் பொறுப்பில்.

டொக்டர் மாப்பால் எழுதினார். கரைத்துச் சின்னக் கப்பால் பருக்கினோம். குடித்ததைவிடக் கக்கியது அதிகம். குதிக்காலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தபோது அளவு இறங்கிக்கொண்டு வந்தது. டொக்டர், கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிப் பாருங்கள், மத்தியானமும் இப்படியே என்றால் குளுக்கோஸ் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“மிஸி,” என்று நஸீரா ராத்தா என் கையைப் பிடித்தார். எங்கள் பக்கத்தில் தாதி எல்லாரும் மிஸிதான். “இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா நான் அவள்ட முகத்தில எப்படி முழிக்கிற? அவள் அங்க உயிரோட இருக்கிறாளோ என்டே தெரியா.”

நான் தாதியர் அறைக்குள் போனேன். தொட்டிக்கு முன்னால் நின்றேன். குழாயைத் திறந்தேன். கொஞ்சம் ஊற்றினேன். பிறகு குழாயை மூடினேன்.

கொதிநீரில் கழுவிய கப் ஒன்று தட்டில் இருந்தது.

தறப்பாளுக்குக் கீழே

இந்த இடத்தில் என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது இன்னும் மோசமாகத் தெரியும். சொன்னாலும் தெரியலாம்.

நான் பிறந்தது இடம்பெயர்வுக் காலத்தில். விசுவமடுவில் யாரோ ஒருவரின் தென்னங்காணிக்குள் தறப்பாளைக் கூரையாகக் கட்டி எங்கள் குடும்பம் இருந்தது. எனக்கு மூன்று மாதம் இருக்கும்போது அம்மாவுக்கு மலேரியா. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தா. பால் வற்றிவிட்டது. அப்பா சீனித் தண்ணீர் தேடி அலைந்தார்.

பக்கத்துத் தறப்பாளில் ஒரு பெண். அவளிடமும் கைக்குழந்தை. என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம் என்று கொடுத்தாளாம். பத்துப் பன்னிரண்டு நாள். அம்மா எழும்பி இருக்கத் தொடங்கியபோது அந்தக் குடும்பம் வேறெங்கோ போய்விட்டது.

“ஆரம்மா அவா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

“ஆருக்குத் தெரியும்? பச்சைச் சட்டை போட்டிருந்தவா. அவ்வளவுதான் ஞாபகம்.”

“பேர்?”

“அப்ப ஆர் பிள்ளை பேர் கேட்டது?”

எங்கள் வீட்டில் செபமாலை சொல்லி முடித்ததும், இறந்தவர்களுக்கு, நோயாளருக்கு, கடலுக்குப் போனவர்களுக்கு என்று மன்றாடுவோம். கடைசியில் அம்மா, “அந்தப் பச்சைச் சட்டைக்காரிக்கும் ஆண்டவரே” என்பா. எனக்கு அது ஒரு புனிதையின் பெயர் போலவே பழகிவிட்டது.

அதனால்தானோ என்னவோ, பால் என்பது கேட்காமல் கொடுப்பது, கொடுத்துவிட்டு மறப்பது என்று என் மனதில் பதிந்திருந்தது. அதற்குப் பெயரோ கணக்கோ இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் நான் தறப்பாளுக்குள் இருந்த பெண் அல்ல. வவுனியாவில் மூன்று வருடம் பயிற்சி எடுத்த தாதி. நெளுக்குளத்தில் வாடகை அறையில் இருந்து இரவிரவாகப் பாடமாக்கியவற்றில் இதுவும் இருந்தது: சோதிக்காத தாய்ப்பாலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பாலோடு நோயும் போகலாம். என் கர்ப்பகாலச் சோதனைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தால் போதுமா? இதை வாசிக்கும் இளம் தாதியருக்கு ஒரு சொல்: நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

கப்பைப் பிடித்த கை

கப்பை நஸீரா ராத்தாவின் கையில் கொடுத்தேன். அவர் மாப்பால் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை.

பிள்ளை குடித்தான். கக்கவில்லை. ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்து, “இந்த முறை நல்லாக் கரைச்சிருக்கீங்க மிஸி” என்றார். நான் சிரித்தேன். பொய் சொல்லாமல் பொய் சொன்ன சிரிப்பு.

குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன். ‘பால் பருக்கியது, கக்கவில்லை’ என்று எழுதினேன். என்ன பால் என்று எழுதவில்லை. காய்ச்சலைப் பாகை பாகையாகவும் சிறுநீரை மில்லிலீற்றர் மில்லிலீற்றராகவும் எழுதுகிறவள், அந்த ஒன்றை எழுதாமல் விட்டேன்.

அன்றைக்கு இரண்டு தடவை. அடுத்த நாள் எனக்குப் பின்னேர டியூட்டி. அப்போதும் இரண்டு தடவை. டியூட்டி முடிந்து புறப்படும்போது இன்னொரு கப்பை மூடி வைத்துவிட்டு, எனக்குப் பிறகு வந்த சுகியிடம், “இது அந்தப் பிள்ளைக்கு. எழும்பினதும் குடு” என்று சொன்னேன்.

மறுநாள் நான் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. ரிபாயா கண் திறந்துவிட்டாள், பிள்ளையைக் கேட்கிறாள் என்று விடியவே வான் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். நான் மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். நன்றி சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஊசி அறையில் கேட்ட கதை

ஏழெட்டு மாதம் கழித்து நஸீரா ராத்தா கையில் புண்ணுக்கு மருந்து கட்ட, அன்றைக்கு நான் நின்ற ஊசி அறைக்கு வந்தார். என்னைக் கண்டதும் சந்தோசம்.

“நம்மட ஆதில் தவழுறான் மிஸி! ரெண்டு பல். கண்டதெல்லாம் வாய்க்குள்ள.”

“ரிபாயா சுகமோ?”

“சுகம். ஆனா…” குரலைத் தாழ்த்தினார். “அங்க கர்ப்பப்பைய எடுத்திட்டாங்க. இனி இந்த ஒண்டுதான். பாலும் வரல்ல அவளுக்கு. ஒரு சொட்டு வரல்ல. மாப்பால்லதான் வளருது. அதச் சொல்லிச் சொல்லி அழுவாள்.”

நான் பழைய கட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் வாய் ஓயாமல் புத்தளத்து ஊர்ப் புதினங்களுக்குத் தாவினார். அதில் ஒன்று நின்றுபோன கல்யாணம். நாள் குறித்து, சீலை எடுத்து, எல்லாம் ஆயத்தம். கடைசியில் தூரத்து ஊரில் இருந்து ஒரு பெண் வந்து, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சின்னதில் நான்தான் பால் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டாளாம்.

“அதுக்கென்ன?” என்றேன்.

“அதுக்கென்னவா? பால்குடிச் சகோதரம் மிஸி! ஒரு வயித்தில பிறந்த மாதிரித்தான். நாங்க கட்டமாட்டம்.”

“ஒருக்காக் குடுத்தாலுமோ?”

“இல்ல இல்ல. ஐஞ்சு தரம். ரெண்டு வயசுக்குள்ள ஐஞ்சு தரம் குடிச்சா, அவ தாய். அவட பிள்ளைகள் சகோதரம். அவட புருசன் வாப்பா.”

“கப்பில குடுத்தால்?”

“கப்போ கரண்டியோ, வயித்துக்குள்ள போனாச் சரிதான்.” அவர் என்னைப் பார்த்தார். “ஏன் மிஸி, இறுக்கிக் கட்டுறீங்க? நோகுது.”

தவக்காலம்

அன்றிலிருந்து என் தலைக்குள் எண்ணிக்கைதான். முதல் நாள் ஒன்பதரை, ஒன்று. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது, அப்போது இன்னொன்று. அடுத்த நாள் மழை இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போன நேரம், மூன்று. பார்வையாளர் மணி அடித்ததும் நாலு. அதற்குப் பிறகு சுகியிடம் விட்டுவந்த கப். அவள் கொடுத்தாளா, ஊற்றினாளா?

சுகி மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். போன் எடுத்தேன்.

“அடி, எட்டு மாசத்துக்கு முந்தி ஒரு கப்போ? எனக்கு நேற்றுச் சமைச்ச கறி ஞாபகமில்லை. குடுத்திருப்பன். இல்லாட்டி ஊத்தியிருப்பன். ஏன், என்ன பிரச்சினை?”

“ஒண்டுமில்லை” என்றேன்.

என் கணவர் அன்ரன் படகு இயந்திரம் திருத்துகிறவர். கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம். அவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்.

“எங்கட மெரின் வளந்து அந்தப் பெடியனைத்தான் கட்டுவன் எண்டு நிப்பாளெண்டோ உனக்குப் பயம்?”

“பகிடி விடாதேங்கோ. அதில்லை. அவையின்ர பிள்ளைக்கு ஒரு தாய் இருக்கிறா எண்டு அவைக்கே தெரியாமல் இருக்கு. நான் அதை ஒளிச்சு வைச்சிருக்கிறன்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “சொன்னால் உன்ர வேலை?”

அதுதான் என்னை விழுங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் கட்டிக்கொண்டிருக்கும் வீடு பாதியில் நிற்கும். அதைவிட, இந்த ஊர்ப் பெண்கள் என் கையில் பிள்ளையைத் தருவார்களா? மிஸி கேட்காமல் எதையாவது பருக்கிவிடுவா என்று ஒருத்தி சொன்னால் போதும்.

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாதர் கேட்டார்.

“அந்தத் தாய்க்குத் தெரியுமோ?”

“இல்லை பாதர்.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறீங்கள்?”

பிறகு வழக்கமான அபராதம் தந்து அனுப்பினார். கோயில் வாசலில் செருப்பைத் தேடியபடி, அதைத்தானே பத்து மாதமாக நானும் என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வார்ட் பொறுப்பான சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று எழுதத் தேவையில்லை. எல்லாம் நியாயமான பேச்சு. எழுத்தில் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். அது மேலே போனது. என் இரத்தத்தைத் திரும்பவும் சோதிக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததும் அந்தத் தாளைக் கைப்பைக்குள் மடித்து வைத்தேன். இனி ஒரு வீடுதான் மிச்சம்.

தண்ணீரூற்றுக்குப் போன வெள்ளிக்கிழமை

அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அன்ரனின் மோட்டார் சைக்கிளில் மெரினை நடுவில் இருத்திக்கொண்டு போனோம். எனக்கு அன்றைக்கு ஒருசந்தி. பின்னேரம் சிலுவைப்பாதை முடிந்துதான் ஒரு நேரச் சாப்பாடு. “பால் குடுக்கிறவளுக்கு என்ன ஒருசந்தி?” என்று மாமி காலையில் ஏசியிருந்தா. அதுவும் சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டுதான் போனேன்.

ரிஸ்வான் ஜும்மாத் தொழுகை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ரிபாயா மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க மிஸி, வாங்க! ராத்தா சொல்லாத நாளில்ல. இருங்க, டீ ஊத்துறன்.”

“வேண்டாம். நீங்கள் நோன்பெல்லோ.”

“நாங்கதானே நோன்பு. நீங்க குடிங்க.”

“எனக்கும் இண்டைக்கு நோன்பு மாதிரித்தான்.”

“அப்ப ஆருக்குத்தான் டீ ஊத்துற?” என்று நஸீரா ராத்தா வாசலில் நின்ற அன்ரனை எட்டிப் பார்த்தார். அன்ரன் அவசரமாகத் தலையை ஆட்டி, தனக்கும் ஒருசந்தி என்றார். பச்சைப் பொய். காலையில் இடியப்பம் எட்டுச் சாப்பிட்டவர்.

ஆதில் பாயில் தவழ்ந்து வந்து மெரினின் காலைப் பிடித்தான். அவள் வீரிட்டாள். அன்ரன் அவளைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலையடிக்குப் போனார்.

நான் கதிரையின் விளிம்பில் இருந்து சொல்லத் தொடங்கினேன். தயார்ப்படுத்திக்கொண்டு போன வசனம் ஒன்றும் வரவில்லை. தொட்டியில் இருந்து தொடங்கினேன். கப்பைச் சொன்னேன். மாப்பால் என்று அவர்கள் நினைத்ததையும் நான் திருத்தாததையும் சொன்னேன். இரத்தச் சோதனைத் தாளை எடுத்துப் பாயில் வைத்தேன். அது மடிந்த மடிப்பிலேயே கிடந்தது.

முதலில் வெடித்தது நஸீரா ராத்தாதான்.

“என்ட கையால! என்ட கையாலதானே குடுத்தன்! நல்லாக் கரைச்சிருக்கீங்க என்டும் சொன்னேனே! கேட்டிருந்தா நான் வேணாம் என்டா சொல்லியிருப்பன்? பிள்ள சாகக் கிடக்குது. கேட்டிருக்கலாமே மிஸி. கேட்டிருக்கலாம்.”

“ஓம். கேட்டிருக்க வேணும்.”

“எங்களை என்ன என்டு நினைச்சீங்க? கேட்டாப் படலைய மூடிருவம் என்டா?”

ரிஸ்வான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிபாயா ஆதிலைத் தூக்கி மடியில் வைத்து அவனுடைய வாயைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

“அப்ப இவன் தாய்ப்பால் குடிச்சிருக்கான்,” என்றாள்.

“ஓம்.”

“நான் நினைச்சிட்டு இருந்தன், இவனுக்கு ஒரு சொட்டும் கிடைக்கல்ல என்டு.” தலையில் போட்டிருந்த துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். “கோவம்தான் மிஸி. இல்ல என்டு சொல்லல்ல. கோவமும் இருக்கு.”

பிறகு கேட்டாள், “எத்தனை தரம்?”

ஒன்பதரை. கோயில் மணி. பெய்யாத மழை. பார்வையாளர் மணி. நாலையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்தாவது கப்பையும் சுகியையும் சொன்னேன்.

“குடுத்திருப்பாதானே?”

“தெரியாது.”

“மருந்து குடுக்கச் சொன்னாக் குடுக்காம விடுவாங்களா? குடுத்திருப்பா. ஐஞ்சு என்டு சொல்லுங்க மிஸி.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பயந்துகொண்டு வந்தது ஐந்தாகிவிடுமோ என்று. அவள் பயந்தது நாலாகிவிடுமோ என்று. கர்ப்பப்பை இல்லாத பெண். சொந்தமெல்லாம் புத்தளத்தில். மடியில் ஒற்றைப் பிள்ளை. படலையடியில் என் மகள் ஏதோ ஒரு பூவைப் பிய்த்துத் தகப்பனின் காதில் சொருகிக்கொண்டிருந்தாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. நாக்கின் நுனி வரை வந்தது.

“நாலு நிச்சயம்,” என்றேன். “ஐஞ்சு சந்தேகம். இன்னொருக்கா உங்களுக்குப் பொய் சொல்லேலாது, ரிபாயா.”

ரிஸ்வான் எழும்பி வெளியே போய் அவர்களுடைய பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் எடுத்தார். திரும்பி வந்தவர் கதவோடு நின்றார்.

“சந்தேகம் என்டா இல்ல என்டுதான் கணக்காம். பால் தந்தவ எந்த மார்க்கம் என்டாலும் பரவாயில்லயாம். ஆனா ஐஞ்சு நிச்சயமா இருக்கணுமாம்.”

ஆதில் அந்தச் சோதனைத் தாளை எடுத்து வாய்க்குள் வைத்தான். ராத்தா பறித்தார்.

ஐந்தாவது

“மிஸி,” என்றாள் ரிபாயா. “மகள் இன்னும் குடிக்கிறாளா?”

“ஓம். காலமையும் பின்னேரமும்.”

“இவனுக்குப் பத்து மாசம்தான்.”

அவள் சொல்ல வந்தது எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. நஸீரா ராத்தாவுக்கு எனக்கு முன்னமே விளங்கிவிட்டது. அவர் குசினிக்குள் போனார். அடுப்பில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. கப்பைக் கொதிக்க வைக்கிறார்.

நான் எழும்பிப் படலைக்குப் போனேன். அன்ரனிடம் சொன்னேன். காதில் பூவோடு நின்று கேட்டார்.

“நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?”

“நாலு குடுக்கேக்க என்னைக் கேட்டனியோ?”

“இல்லை. அதுதான் இப்ப கேக்கிறன்.”

அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். ரிஸ்வான் வாசலில் செருப்பில்லாமல் நின்றார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் தலையசைத்துக்கொண்டார்கள்.

“போய்க் குடு,” என்றார். “எனக்கும் ஒரு பெடியன் வேணுமெண்டுதானே மாதாவிட்டக் கேட்டனான். அவா இப்பிடித் தருவா எண்டு ஆர் கண்டது.”

ரிபாயாவின் அறைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தேன். அவள் வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றாள். கப்பின் அடியில் பால் விழும் அந்த மெல்லிய சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். குழாய்த் தண்ணீர் இல்லாமல் அதை நான் தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கப்பை ரிபாயாவின் கையில் கொடுத்தேன். “இது என்ர பால்,” என்றேன். தெரிந்த விசயம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

அவள் பிஸ்மி சொல்லிக் கப்பை அவனுடைய வாயில் வைத்தாள். நான் என்னையறியாமல் சிலுவை அடையாளம் போட்டேன். ஆதில் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் கப்பைப் பிடித்து இழுத்துக் குடித்தான். நோன்பும் ஒருசந்தியுமாகக் காய்ந்து நின்ற பெரியவர்கள் நடுவில் அவன் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போதும் என்று அவனே கப்பைத் தள்ளிவிட்டான்.

“ஐஞ்சு,” என்றார் நஸீரா ராத்தா. குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது.

அவர் அலுமாரியைத் திறந்து ஆதிலின் கிளினிக் புத்தகத்தையும் ஒரு பேனையையும் எடுத்துவந்தார். ஊசி போட்ட நாட்கள், நிறை, உயரம் எல்லாம் எழுதிய புத்தகம். கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

“இந்த முறை எழுதுங்க.”

திகதியை எழுதினேன். ஐந்து தடவை என்று எழுதினேன். சகோதரம், மெரின் என்று எழுதினேன். கீழே, வார்ட்டில் போடுவது போலச் சின்னக் கையெழுத்து ஒன்று கீறினேன்.

ராத்தா எட்டிப் பார்த்தார். “இது என்ன, புழு மாதிரி? நாளைக்கு ஆர் வாசிக்கிற? பேரை எழுதுங்க.”

ரிபாயா நிமிர்ந்தாள். வெட்கத்தோடு கேட்டாள். “மிஸி, உங்கட பேர் என்ன?”

அவளுக்கும் தெரியாது. ராத்தாவுக்கும் தெரியாது.

“ஜெசிந்தா,” என்றேன்.

கையெழுத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். கணவர் பெயரையும் ஊரையும் சேர்த்து, தெளிவாக, வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும்படி எழுதினேன்.